ஊவா மலையில் ஒரு விண்கலம் வார்ப்போம்

உயர்தர வகுப்பில் தொழினுட்பவியல் பயிலும் ஊவா மாகாணத்து மாணவ மாணவியர், விசேஷமாகத் தோட்டப்புறத்துப் பிள்ளைகள், விண்கலத்தைப் பாடப்புத்தகத்துப் படமாக மட்டும் பார்த்து அமைந்துவிடாமல், தம் சொந்தக் கற்பனையில் ஒன்றை வடிவமைத்து, களிமண்ணிலும் மரத்திலும் அதன் மூலவுருவைச் சமைத்து, அதிலிருந்து அச்செடுத்து, இருபது அடிக்குக் குறையாத நீளத்தில் பைபர் கிளாஸில் வார்த்து நிறுத்துவதற்கு வேண்டிய இடமும் பொருளும் ஆசானும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம். அதற்கு உகந்த ஸ்தலமாக நான் கருதுவது ஹல்துமுல்லை. அந்த அச்சு ஒருமுறை உருவாகிவிட்டால், அதிலிருந்து பிரதிகளைப் பகுதி பகுதியாக வார்த்து, ஒரு லொறியில் ஏற்றி, பசறைக்கும் லுணுகலைக்கும் பண்டாரவளைக்கும் அனுப்பலாம்; அங்கங்கே உள்ள பாடசாலைப் பிள்ளைகள் அவற்றைப் பூட்டி நிறுத்திக்கொள்ளலாம். இது விளையாட்டுப் பொருளைப் பற்றிய பேச்சு என்று எண்ணி ஒதுக்கிவிடாமல், வாசகர்கள் சற்றே பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன்.

கொழும்பிலிருந்து பலாங்கொடை வழியாக மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் பெருவீதியில், பெரகலைச் சந்திக்கு முன்னால், மலையின் தென்முகத்தில் அமைந்த ஊர் ஹல்துமுல்லை. வடக்கே அப்புத்தளை மலைத்தொடர் சுவராக எழுந்து நிற்க, தெற்கே நிலம் சடுதியில் தாழ்ந்து, உடவளவை நீர்த்தேக்கம் வரைக்கும் அதற்கப்பாலும் விரிந்து கிடக்கும் சமவெளியை, வானம் தெளிந்த நாளில் கண்ணாரக் காணலாம். இத்தனை விசாலமான ஆகாயத்தைத் தினமும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு ஆகாயத்தைப் பற்றிக் கனவு காணும் உரிமை இயல்பாகவே உண்டு. அந்தக் கனவைக் கையால் செய்து பார்க்கும் வசதி மாத்திரமே இல்லை.

விண்வெளியைப் பற்றிய கற்பனைக்கு இலங்கை அந்நியமான நாடுமன்று. 1945ஆம் ஆண்டிலேயே, பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகளால் உலகமெங்கும் செய்தி அனுப்பலாம் என்று எழுதிய ஆதர் சி. கிளார்க், 1956இல் இங்கு வந்து குடியேறி, 2008 மார்ச் மாதத்தில் கொழும்பில் மறையும் வரை இந்நாட்டையே தம் இருப்பிடமாகக் கொண்டிருந்தார். 1979இல் வெளிவந்த அவருடைய நாவலொன்றில், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கியின் அடிவாரமாக அவர் கற்பித்த மலை, நம் சிவனொளிபாதமலையை முன்மாதிரியாகக் கொண்டதே. அவர் பெயரால் 1984இல் நிறுவப்பட்ட தொழினுட்ப நிலையம் மொறட்டுவை கட்டுபெத்தையில் இருக்கிறது. நாட்டின் முதற் செய்மதியாகிய ‘ராவணா–1’, பக்கம் சுமார் பத்துச் சென்ரிமீற்றர் கொண்ட ஒரு சிறு கனசதுரம், 2019இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதைக்கு விடப்பட்டது. இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் ஒரு தோட்டத்துச் சிறுமி இவற்றில் எதைத் தொட்டுப் பார்க்க முடியும் என்று கேட்டால் விடை இல்லை.

கிளார்க்கும் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கி, 1968இல் வெளியிட்ட ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ என்ற திரைப்படத்தில் வரும் ‘டிஸ்கவரி’ விண்கலத்தின் வரலாறு இவ்விஷயத்தில் நமக்குப் பெரிய பாடம். அணுசக்தியால் இயங்கும் எஞ்சின்கள் ஒரு முனையிலும், மனிதர் வசிக்கும் கோளம் மறு முனையிலும், இடையே நீண்ட முதுகெலும்பும் என அமைந்த அக்கலத்தின் உருவம், அலங்காரத்துக்காக எழுந்ததன்று. கதிர்வீச்சிலிருந்து மனிதரைத் தூரத்தில் வைத்துக் காக்க வேண்டும் என்ற நியாயத்திலிருந்து பிறந்தது. அணு உலையின் உஷ்ணத்தை வெளியேற்றுவதற்குப் பெரிய தகடுகள் வேண்டும் என்று முதலில் வரைந்திருந்தார்கள். காற்றில்லாத வெளியில் செல்லும் கலத்துக்குச் சிறகு முளைத்தது போல் ரசிகர்களுக்குத் தோன்றும் என்பதால் பின்னர் அவற்றை நீக்கினார்கள். அமெரிக்க விண்வெளித் துறையில் பணியாற்றிய ஹரி லாங்கே போன்ற சித்திரக்காரர்கள் வரைந்த அந்த வடிவத்தை, இங்கிலாந்தின் போர்ஹாம்வுட் படப்பிடிப்புக் கூடத்தில் மரம், பைபர் கிளாஸ், பிளாஸ்டிக், உருக்கு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றால் 54 அடி நீளத்தில் ஒன்றும், 15 அடி நீளத்தில் வேறொன்றுமாகச் செய்தார்கள். மேற்பரப்பின் நுணுக்கங்களுக்காகக் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளை நூற்றுக்கணக்கில் வாங்கிப் பிரித்து, அவற்றின் சிறு உறுப்புகளை ஆயிரக்கணக்கில் ஒட்டினார்கள்.

இத்தனை பெரிதாக ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு ஒளியியலே பதில் சொல்கிறது. சிறிய மாதிரியை அண்மையில் வைத்துப் படம் பிடித்தால் அதன் ஒரு பகுதி துலக்கமாகவும் மற்றப் பகுதிகள் மங்கலாகவும் விழுந்து, பொம்மை என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். பெரிய மாதிரியில் அந்தக் குறை குறையும். அதற்கு மேலும், கமராவின் துவாரத்தை மிகச் சிறிதாக்கி, ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் பல விநாடி ஒளி கொடுத்து, அசைவது தெரியாத வேகத்தில் நகர்த்தி எடுத்தார்கள். அவ்வளவு நேரத்தில் மாதிரி ஒரு மயிரிழை அதிர்ந்தாலும் படம் கெட்டுவிடுமாதலால், உருவம் பெரிதாகவும், எடை தாங்கக்கூடியதாகவும், விறைப்பு மிகுந்ததாகவும் இருக்க வேண்டியதாயிற்று.

பெரிதாக்குவதில் உள்ள சங்கடத்தைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலேயே விளக்கியிருக்கிறார்: ஒரு பொருளை வடிவம் மாறாமல் நீளத்தில் இரு மடங்காக்கினால் அதன் மேற்பரப்பு நான்கு மடங்காகும், கனமோ எட்டு மடங்காகும். ஒரு மீற்றர் விட்டமுள்ள கோளத்தைச் சாதாரண மரத்தில் முழுத் திண்மமாகக் கடைந்தால், இருநூற்றைம்பது கிலோகிராமுக்குக் குறையாது. அதே கோளத்தை, சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைப் பாயை மூன்று அடுக்காக இட்டு, பொலியெஸ்டர் ரெசினில் தோய்த்து, சுமார் மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள ஓடாக வார்த்தால், கண்ணாடி இழை நான்கு கிலோகிராமும் ரெசின் பத்துக் கிலோகிராமுமாகச் சுமார் பதினான்கு கிலோகிராமில் முடிந்துவிடும்; ஒரு மாணவி தனியே தூக்கலாம். கோளத்தின் மேற்பரப்பைக் காணும் சூத்திரத்தைப் பரீட்சைக்காக மனனம் செய்யும் பிள்ளை, எத்தனை ரெசின் வாங்க வேண்டும் என்று அறிவதற்காக ஒருமுறை அதே சூத்திரத்தைப் பிரயோகித்துவிட்டால், பிறகு அதை மறக்கச் சொன்னாலும் மறக்காது.

ஆயினும் வேலையின் உயிர்நாடி வார்ப்பில் இல்லை; அதற்கு முந்திய யோசனையில் இருக்கிறது. எந்த உருவமும் அச்சிலிருந்து கழன்று வெளியே வர வேண்டும். இட்லித் தட்டின் குழி வாயகன்று அடி குறுகியிருப்பதால்தான் இட்லி உடையாமல் எழும்புகிறது. அதுபோல விண்கலத்தின் ஒவ்வொரு பக்கச் சுவரும் ஓரிரு பாகையளவாவது சரிந்திருக்க வேண்டும். உள்வளைந்த இடம் ஒன்று இருந்தால் வார்ப்பு அச்சைப் பற்றிக்கொண்டு வராது. அங்கே அச்சையே இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்து, ஓரங்களில் விளிம்பு வைத்து, ஆணி பூட்டி இணைக்க வேண்டும். அந்தப் பிளவுக்கோடு எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்று நிர்ணயிப்பதுதான் வடிவமைப்பாளனுடைய புத்திக்கு வரும் உண்மையான சோதனை. கோளத்துக்கு அது நடுவட்டம், இது எளிது. முதுகெலும்பும் எஞ்சின் குழாய்களும் ஒன்றோடொன்று பின்னிய இடத்தில், உருவத்தை மனத்திலே சுழற்றிச் சுழற்றி, எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்து, வேண்டுமானால் அழகிய வளைவொன்றைத் தியாகம் செய்து, முடிவுக்கு வர வேண்டும். அவ்விதம் பார்க்கப் பழகிய மனம் எந்தச் சாஸ்திரத்தையும் கற்கத் தகுதி பெற்ற மனம் என்று நான் திடமாக நம்புகிறேன்.

மூலவுருவின் மேற்பரப்பைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்லியே ஆக வேண்டும். அச்சு எதையும் மன்னிப்பதில்லை. மூலவுருவில் நகக்கீறல் அளவு குறை இருந்தால், அது அச்சிலும், அச்சிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு பிரதியிலும் பிசகாமல் பதியும். ஆகவே புட்டி பூசி, காய விட்டு, வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மேலும் மென்மையான தாள்களுக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவி மேடு பள்ளம் கண்டு, மறுபடியும் தேய்த்து, இறுதியில் மெழுகைப் பலமுறை பூசித் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டும். மெழுகு ஓர் இடத்தில் தவறினாலும் அச்சும் மூலவுருவும் ஒன்றையொன்று விடமாட்டா. அச்சைப் பொருளைவிட இரண்டு மூன்று மடங்கு தடிப்பாகவும், முதுகில் மரச்சட்டம் வைத்தும் செய்ய வேண்டும். ரெசின் இறுகும்போது சுருங்கும் இயல்புடையதால், மெல்லிய அச்சு கோணிப்போய்விடும்.

இவ்வேலை நம் பிரதேசத்துக்கு முற்றிலும் புதியதன்று. பெருவீதியோரக் கராஜ் ஒன்றில், உடைந்துபோன பஸ் பஃபருக்குப் பதில் புதியது வார்க்கும் இளைஞர் ஒருவரின் கைவேலையை நெடுநேரம் நின்று பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் பிறந்து, சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர். மெழுகிட்ட அச்சில் ஜெல்கோட் என்னும் நிறமேற்றிய மேற்பூச்சைத் தூரிகையால் பூசிவிட்டு, சிறிது நேரம் கழித்துப் புறங்கைவிரலால் தொட்டார். விரல் ஒட்டியது, ஆனால் நிறம் விரலில் ஏறவில்லை. அதுவே பதம். பின்பு கண்ணாடிப் பாயைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தார்; கிழிந்த ஓரத்தின் இழைகள் அடுத்த துண்டோடு கலந்து படியும் என்பது அதன் காரணம். ரெசினைத் தூரிகையால் இழுத்துப் பூசாமல் குத்திக் குத்தி ஏற்ற ஏற்ற, வெண்மையாயிருந்த பாய் மெல்ல மெல்லத் தெளிந்து கண்ணாடியாயிற்று. எங்கேனும் வெளிறிய புள்ளி தெரிந்தால் அங்கே காற்று அகப்பட்டிருக்கிறது என்று பொருள். உடனே வரியுள்ள சிறு உருளையை உருட்டி அதை ஓரத்துக்குத் துரத்தினார். ரெசினை இறுகச் செய்யும் ஹார்ட்னர் எவ்வளவு என்று கேட்டேன். ‘நூத்துக்கு ஒண்ணரை ஐயா, மப்பு நாள்னா ரெண்டு’ என்றார். அந்த விடையில் இரசாயனமும் வானிலையும் சேர்ந்திருந்தன. அவருக்கு ஒரு சான்றிதழும் இல்லை. அவரை ஒரு பாடசாலைக்கு அழைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்ல இன்றைய முறையில் வழியும் இல்லை. இது மாற வேண்டும்.

அவர் குறிப்பிட்ட மப்பு நாள் என்ற சொல்லைப் பின்தொடர்ந்தால் ஊவாவுக்கே உரிய ஒரு நன்மையைக் காணலாம். பொலியெஸ்டர் ரெசின் ஈரத்தையும் குளிரையும் வெறுப்பது. வெப்பநிலை பதினைந்து பாகைக்குக் கீழே போனால் சரியாக இறுகாது, ஈரக்காற்றில் வெண்மை பூத்து வலுக்குன்றும். வடகீழ்ப் பருவமழையும் பனிமூட்டமும் மலையை மூடும் மாதங்கள் இத்தொழிலுக்கு ஆகா. ஆனால் ஆடி ஆவணியில் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்து, வேகம் கொண்டு, இந்தப் பக்கம் வந்திறங்கும் காற்று, ஊவாத் தேயிலைக்கு உலகப் பிரசித்தமான வாசனையைக் கொடுப்பதோடு, ரெசின் வேலைக்கும் ஆண்டின் மிகச் சிறந்த காலத்தைத் தருகிறது. கொழுந்தை வாட்டும் காற்று அச்சையும் இறுக்கும்.

சோற்றுக்கே கஷ்டப்படும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விண்கலம் எதற்கு என்று கேட்பவர்களின் இரக்கத்தை நான் மதிக்கிறேன். லயன் அறைகளின் நெருக்கடியையும், நாட்கூலிக்காக நடந்த போராட்டங்களையும், க.பொ.த. முடிந்ததும் கொழும்புக் கடைகளுக்குப் பெட்டி கட்டும் பிள்ளைகளையும் அறியாதவனல்லேன். அந்தப் பிள்ளைகளின் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்பதனாலேயே இதைச் சொல்கிறேன். பைபர் கிளாஸ் கற்ற கை படகு செய்யும், தண்ணீர்த் தாங்கி செய்யும், வாகனப் பகுதிகள் செய்யும். நோர்வேயின் உதவியோடு 1960களின் பிற்பகுதியில் தோன்றிய சீநோர் நிறுவனம், காரைநகரில் பைபர் கிளாஸ் படகுகளைக் கட்டி, வடபகுதித் தமிழ் இளைஞர் பலருக்கு இத்தொழிலைக் கற்பித்தது. 2004 டிசம்பர் கடற்கோளுக்குப் பின்னர் கரையோரமெங்கும் அவசரம் அவசரமாகப் படகுகள் கட்டப்பட்டபோது, பயிற்சியற்ற கைகளின் வேலை தரத்தில் தாழ்ந்ததைக் கண்டு நிபுணர்கள் கவலை தெரிவித்தார்கள். தேவை வந்த பிறகு தேடிப் பெறக்கூடிய பொருளன்று கைத்திறன்.

இன்னொரு பயனும் உண்டு. அதை எண்ணும்போது மனம் கனக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, இதே ஹல்துமுல்லைப் பிரதேசத்துக்கு உட்பட்ட கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மண்ணோடு மண்ணாக்கியது. விண்கலத்துக்கு மூலவுருச் செய்யக் கற்ற பிள்ளைகள், உயரக்கோட்டு வரைபடத்தை அட்டையில் அடுக்கடுக்காக வெட்டி ஒட்டி, தம் தோட்டத்து மலையின் மாதிரியையும் அதே முறையில் வார்த்து, நீர் எவ்வழி ஓடும், எந்தச் சரிவின் கீழ் எந்த லயன் இருக்கிறது என்று பெற்றோருக்குக் காட்டலாம். காகிதத்தில் வளைந்து ஓடும் கோடுகளை வாசிக்கத் தெரியாதவர்களும் கையால் தடவி உணரக்கூடிய மலையைப் புரிந்துகொள்வார்கள்.

ஆனாலும் பயன்களின் பட்டியலில் விண்கலத்தை நான் இழந்துவிட விரும்பவில்லை. படகுதான் செய்யட்டுமே என்று சொல்லிவிடலாம். படகுக்கு வடிவம் ஏற்கெனவே தீர்ந்திருக்கிறது. இல்லாத ஒன்றுக்கு வடிவம் காண்பது வேறு வகை ஆற்றல். நம்மவர் அதற்குத் தகுதியற்றவர் அல்லர். 1963இலேயே, வேற்றுலகத்தவர் ஒரு பறக்கும் கலத்தில் வந்து பூமியின் பாட்டுக்காரியைக் கொண்டுபோகும் கதையை, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’யில் தமிழ்த் திரை காட்டியது. பதுளை மாவட்டத்து மகியங்கனைக்கு அருகேயுள்ள வெரகன்தொட்டையை, இராவணனுடைய புஷ்பக விமானம் இறங்கிய தலமாக ஐதீகம் கொண்டாடுகிறது. 2020இல் நாட்டின் விமானத்துறை அதிகாரிகளே இராவணனைப் பற்றிய ஆவணங்களைத் தந்துதவுமாறு பொதுமக்களிடம் கேட்டு விளம்பரம் வெளியிட்டார்கள். ஐதீகம் சரித்திரமாகாது என்பதே என் துணிபு. ஆனால் அதில் புதைந்திருக்கும் ஆசை மெய்யானது. அந்த ஆசையைப் பழங்காலத்தின்மேல் ஏற்றி மனநிறைவு அடைவதைக் காட்டிலும், இன்றைய பிள்ளைகளின் கையில் கொடுப்பது மேலானது. கோவில் தேருக்கும் வெசாக் பந்தலுக்கும் இரவு பகலாக உழைக்கும் தமிழ், சிங்களப் பிள்ளைகள் ஒரே கூடத்தில் சேர்ந்து இதைச் செய்வதையே நான் விரும்புகிறேன்.

செய்ததைப் பேணுவது பற்றியும் முன்கூட்டியே தீர்மானித்தல் அவசியம். ‘டிஸ்கவரி’ மாதிரிகள் படம் முடிந்தபின் அழிக்கப்பட்டன. அதே படத்துக்காகச் செய்து, எப்படியோ தனியாரிடம் தப்பியிருந்த சந்திரப் பயணக் கலத்தின் மாதிரியொன்று 2015இல் ஏலத்துக்கு வந்தபோது 344,000 டொலருக்கு விலைபோயிற்று. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடருக்காக 1964இல் பெரும்பாலும் மரத்தால் செய்யப்பட்ட பதினோரடிக் கலத்தை, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஏற்றுப் பாதுகாத்து, நுட்பமாகச் சீர்செய்து, 2016இல் வாஷிங்டன் விமான விண்வெளிக் காட்சிச்சாலையின் முன்மண்டபத்தில் வைத்தது. நம் கலத்தின் பிரதிகள் உடையலாம். அச்சும் வரைபடங்களும் உடையாமல் காக்கப்பட வேண்டும். பைபர் கிளாஸ் உக்காத பொருள் என்பதையும் மறக்கலாகாது. அரைகுறையாகச் செய்து எறிந்தால் அது தலைமுறைகளுக்குக் குப்பையாகக் கிடக்கும். காகிதத்திலும் களிமண்ணிலும் வடிவம் முற்றும் தீர்ந்த பிறகே ரெசின் பீப்பாயைத் திறக்க வேண்டும்.

இடத்துக்கு வெகுதூரம் தேட வேண்டியதில்லை. மலைநாட்டில் இயங்காமல் பூட்டிக் கிடக்கும் பழைய தேயிலை ஸ்டோர்கள் நீண்ட கூடங்களும், வரிசை வரிசையான ஜன்னல்களும், காற்றை வாரி இழுக்கும் பெரிய விசிறிகளும் கொண்டவை. ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி கெடுதி செய்வதாதலால் அத்தகைய காற்றோட்டம் இன்றியமையாதது. அதே வேளையில் அந்த ஆவியும் ரெசினும் தீப்பற்றக்கூடியவையாதலால், மரத்தளமிட்ட மேல்மாடியை விட்டு, சீமெந்துத் தரையில்தான் வேலை நடக்க வேண்டும். ஹார்ட்னரையும், இறுகுவதைத் துரிதப்படுத்தச் சேர்க்கும் கொபால்ட்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். இரண்டையும் வெவ்வேறு அறையில், வெவ்வேறு பூட்டில் வைக்க வேண்டும். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து. கண்கவசமும் கையுறையும் சுவாசக் கவசமும் இல்லாமல் ஒரு பிள்ளையையும் உள்ளே விடக் கூடாது. இச்செலவை மிச்சம் பிடிப்பதாயிருந்தால் முயற்சியையே தொடங்க வேண்டாம்.

தோட்டக் கம்பனி ஒன்று தன் பழைய ஸ்டோரின் கீழ்த்தளத்தைத் தரவும், மாகாணக் கல்வித் திணைக்களம் பொருட்செலவை ஏற்று, கராஜ்களில் இருக்கும் கைதேர்ந்தவர்களை வருகைப் போதனாசிரியர்களாக நியமிக்க அனுமதிக்கவும், பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் வரைபட வேலைக்கு வழிகாட்டவும் இசைந்தால் போதும். வரைபடத்தைத் தை மாதத்தில் ஆரம்பித்து, சித்திரை விடுமுறைக்குப் பின் மூலவுருவைத் தேய்த்து முடித்துவிட்டால், ஆடிக் காற்று எழும்போது அச்சு வார்க்கலாம். ஆவணி முடிவதற்குள் முதற் பிரதியின் பகுதிகள் லொறி ஏற ஆயத்தமாகிவிடும்.